அன்னா அட்கின்ஸின் நீலப் படங்கள்: சில திருத்தங்கள், சில விளக்கங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்துப் பெண் கலைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், கடற்பாசிகளை நீலப் படங்களாகப் பதித்த ஆங்கிலேயப் பெண்மணி அன்னா அட்கின்ஸுக்கு ஒரு பத்தி கிடைத்திருந்தது. அவர் பெயர் தமிழ் நாளிதழில் வருவதே அரிது என்பதால் முதலில் நன்றி. ஆனால் அந்தப் பத்தியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. அவற்றைவிட உறுத்துவது அதன் முடிவு. காகிதத்தில் செடியை வைத்து வெயிலில் காட்டினால் போதும், படம் தயார் என்கிற தொனியில் அது முடிகிறது. ஒற்றைப் படத்துக்கு வேண்டுமானால் இது ஓரளவு பொருந்தும். பத்தாண்டுக் காலம் ஆயிரக்கணக்கான தாள்களைக் கையால் ஆக்கி, பகுதி பகுதியாக நூலாக்கி அனுப்பியவருக்குப் பொருந்தாது. பழைய ஒளிப்பட முறைகளைக் கையாள்பவர்களின் சார்பில் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பிழைகளை முதலில் தீர்த்துவிடலாம். அட்கின்ஸின் கடற்பாசிப் படங்கள் கேமராவால் எடுத்தவை அல்ல. அவரிடம் கேமராப் படம் எடுக்கும் ஆர்வம் இருந்தது. ஆனால் இன்று நம் கையில் இருக்கும் அவருடைய படைப்புகள் எல்லாமே பொருளை நேரடியாகத் தாளின்மேல் வைத்து ஒளியில் காட்டிப் பெற்றவை. லென்ஸ் இல்லை, நெகட்டிவ் இல்லை. அதனால்தான் படத்தில் உள்ள பாசியின் அளவும் உண்மைப் பாசியின் அளவும் ஒன்றே. இரண்டாவது, சயனோடைப் என்ற அந்த நீலப்பட முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது அது. மூன்றாவது, 'உலகின் முதல் பெண் ஒளிப்படக் கலைஞர்' என்ற பட்டம். 1839லேயே, தாளில் ஒளிப்படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் டால்பட்டும், சாரா ஆன் பிரைட்டும் ஒளிப்பட முயற்சிகளில் இறங்கிவிட்டார்கள். அட்கின்ஸுக்கு இந்தப் பட்டம் தேவையும் இல்லை. ஒளிப்படங்களைக் கொண்டு நூல் ஒன்றை வெளியிட்ட முதல் ஆள் அவர். ஆண்களையும் சேர்த்து எண்ணினாலும் அவர்தான் முதல். 'பிரிட்டிஷ் கடற்பாசிகளின் ஒளிப்படங்கள்: சயனோடைப் பதிவுகள்' என்ற அந்த நூலின் முதல் பகுதி 1843 அக்டோபரில் வந்தது. முதல் ஒளிப்பட நூல் என்று பலர் சொல்லும் டால்பட்டின் 'இயற்கையின் பென்சில்' 1844 ஜூனில்தான் தொடங்கியது. டால்பட்டின் நூல் கடைக்கு வந்த வணிக வெளியீடு, அட்கின்ஸுடையது நண்பர்களுக்கும் அறிவியல் அமைப்புகளுக்கும் அவர் தாமே அனுப்பியது. வேறுபாடு அவ்வளவுதான்.

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1799 மார்ச் 16 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள டன்பிரிட்ஜில் பிறந்தார். மறு ஆண்டே தாய் இறந்துபோனார். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வேதியியலும் விலங்கியலும் அறிந்தவர். வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிக்கு நண்பர். பின்னாளில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றினார். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர், செயலரும்கூட. அக்காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காத அறிவியல் பயிற்சி மகளுக்கு வீட்டிலேயே கிடைத்தது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க்கின் சிப்பி வகைகள் பற்றிய நூலைத் தந்தை மொழிபெயர்த்தபோது, அதற்காக 250க்கும் மேற்பட்ட சிப்பிகளை மகள் வரைந்தார். அது 1823. இந்தச் செய்தியைக் கட்டுரை விட்டுவிட்டது. விடக்கூடாத செய்தி இது. நீலப் படங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் உயிரினத்தின் எந்த அடையாளம் படத்தில் தெரிந்தாக வேண்டும், எப்படிக் கிடத்தினால் அது தெரியும் என்று அவர் கண்ணுக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது.

1825இல் ஜான் பெல்லி அட்கின்ஸை மணந்தார். செவனோக்ஸ் பக்கத்தில் ஹால்ஸ்டெட் பிளேஸ் என்ற வீட்டில் வாழ்ந்தார். 1839இல் லண்டன் தாவரவியல் சங்கத்தில் உறுப்பினரானார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட மிகச் சில அமைப்புகளில் அது ஒன்று. ராயல் சொசைட்டி முதல் பெண் உறுப்பினர்களை ஏற்க 1945 ஆகவேண்டியிருந்தது. டால்பட்டும் ஹெர்ஷலும் தந்தைக்கு நண்பர்கள் என்பதால் இரண்டு புதிய முறைகளும் ஏறக்குறைய பிறந்த சூட்டிலேயே அவரை எட்டின.

டால்பட்டின் முறையை விட்டு ஹெர்ஷலின் முறையை அவர் எடுத்ததற்குக் காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. டால்பட்டின் படங்கள் வெள்ளி உப்பால் ஆனவை. வெள்ளி விலை அதிகம். படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ என்ற வேதிப்பொருளைச் சரியாக அலசாவிட்டால் சில ஆண்டுகளிலேயே படம் மஞ்சளித்து மறையும். அக்காலத்து வெள்ளிப் படங்கள் பலவற்றுக்கு அந்தக் கதிதான். சயனோடைப்புக்கு இரண்டு இரும்புச் சேர்மங்கள் போதும். நிலைப்படுத்துவது வெறும் தண்ணீர். நூற்றுக்கணக்கான தாள்களை வீட்டில் செய்யத் திட்டமிடுபவருக்கு இதைவிட நல்ல முறை அன்று கிடையாது.

இன்று நாங்கள் கையாளும் அளவுகளைக் கொண்டு வேலையை விளக்குகிறேன். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு குப்பியிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து இன்னொரு குப்பியிலும் வைக்க வேண்டும். தனித்தனியாக, இருட்டில் இருந்தால் இரண்டும் நாள்பட நிற்கும். சிட்ரேட் கரைசலில் மட்டும் பூஞ்சை படரும்; வடிகட்டிக்கொள்ளலாம். இரண்டையும் சம அளவில் கலந்த நொடியிலிருந்து அது கெடத் தொடங்குகிறது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். இன்று கிடைக்கும் பச்சை சிட்ரேட் பிற்காலத்தது. அட்கின்ஸ் காலத்துப் பழுப்பு வகை ஒளிக்கு இன்னும் மெதுவாகவே இணங்கும்.

மங்கிய விளக்கொளியில், உலோகப் பட்டி இல்லாத தூரிகையால் தாளில் பூச வேண்டும். உலோகம் பட்டால் கரைசலில் நீலப் புள்ளிகள் விழும். 20 × 25 செ.மீ. தாளுக்குச் சுமார் 3 மி.லி. பிடிக்கும். முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, ஈரம் தேங்காமல் இழுக்க வேண்டும். தேங்கிய இடம் காய்ந்தபின் தடித்து, அலசும்போது நீலம் கரைந்து கோடு கோடாக வழியும். பூச்சை இருட்டில் காயவைக்க வேண்டும். சரியாகக் காய்ந்த பூச்சு எலுமிச்சை மஞ்சளில் சற்றே பச்சை கலந்திருக்கும். காய்ந்தவுடனேயே நீலப்பச்சையாகத் தெரிந்தால் தாளோ கரைசலோ கெட்டுவிட்டது. அதை வெயிலுக்குக் கொண்டுபோவது வீண்.

தாள்தான் பாதி வேலையைத் தீர்மானிக்கிறது. கரைசல் நாருக்குள் இறங்கிவிட்டால் அலசும்போது வெளியே வராது, வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்காது. அட்கின்ஸின் தாள்கள் பலவற்றில் வாட்மன் என்ற தாள் தயாரிப்பாளரின் நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் அடையாளம்) காணப்படுகிறது. கந்தல் துணியால் ஆக்கி, ஜெலட்டின் பசை ஏற்றிய கெட்டித் தாள் அது. ஈரத்தில் நெடுநேரம் கிடந்தாலும் கிழியாது, பூச்சை மேற்பரப்பிலேயே தாங்கும். இன்றைய ஓவியத் தாள்களில் பலவற்றில் அமிலத்தைத் தடுப்பதற்காகச் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். மற்ற ஓவியங்களுக்கு நன்மை செய்யும் அந்தச் சேர்க்கை சயனோடைப்புக்கு நஞ்சு. காரம் பட்டால் நீலம் சிதைந்து மஞ்சள் பழுப்பாகிவிடும்.

வெயிலில் நடப்பது இதுதான். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் சிட்ரேட்டில் உள்ள மூவிணைதிற இரும்பு ஈரிணைதிற இரும்பாகிறது. அது ஃபெரிசயனைடுடன் சேர்ந்து, நீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகிறது. ஒளி படாத இடத்தில் உள்ள மஞ்சள் உப்புகள் தண்ணீரில் கரைந்து போய்விடும். தடித்த பாசி ஒளியை முழுக்க மறைத்து வெள்ளையாக விழுகிறது. மெல்லிய சவ்வுபோன்ற பாசி ஒளியில் ஒரு பகுதியை விடுகிறது, அதனால் இடைப்பட்ட நீலங்கள் கிடைக்கின்றன. 'டிக்டியோட்டா டைகோடோமா', இளம் நிலையிலும் காய்த்த நிலையிலும், என்று அட்கின்ஸ் பெயரிட்ட தாளைப் பாருங்கள். இரண்டிரண்டாகப் பிரியும் அந்தப் பாசியின் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் வெளுத்தும், ஒற்றையாக உள்ள இடம் நீலம் ஏறியும் தெரியும். அதை வெறும் நிழலுருவம் என்று சொல்வது தவறு. திசுவின் தடிமனை அந்தத் தாள் அளந்து காட்டுகிறது.

ஒளி காட்டும் நேரம்தான் கற்றுக்கொள்ளக் கடினமானது. கோடை நண்பகலில் பத்திலிருந்து இருபது நிமிடம், மேகமூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும். மஞ்சள் பூச்சு பச்சையாகி, நீலமாகி, பிறகு வெண்கலம் பூத்த சாம்பல் நிறத்துக்கு வர வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் நல்ல நீலம் வந்ததும் எடுத்துவிடுகிறார்கள். அலசும்போது பாதி கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அந்தச் சாம்பல் நிறத்தைக் கண்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சிய ஒளியில் நீலம் நிறமற்ற வடிவத்துக்குக் குறைந்திருக்கிறது. அலசி உலர்ந்தபின் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை ஒரு நாளில் மீட்டுவிடும். கென்ட் பகுதி வடக்கே 51 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அங்கே ஜூன் நண்பகலில் சூரியன் 62 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் நண்பகலில் 15 டிகிரிதான். தாழ்ந்த சூரியனின் புற ஊதா ஒளியை வளிமண்டலமே பெரும்பகுதி தின்றுவிடும். ஆகவே அட்கின்ஸின் ஆண்டு முழுவதும் வேலைக்கு உகந்த ஆண்டு அல்ல. நல்ல வெயில் உள்ள மாதங்களுக்குள் பல நூறு தாள்களை முடித்தாக வேண்டும்.

கடற்பாசியைக் கையாள்வது தனி வித்தை. இலையைப்போல நேராகக் கொண்டுவந்து வைக்க முடியாது. ஈரம் ஒரு சொட்டுப் பட்டாலும் பூச்சு கரைந்து, அந்த இடத்தில் நீலக் கறையோ வெள்ளைப் பொத்தலோ விழும். உப்பும் கூடாது. நன்னீரில் அலசி, தட்டில் மிதக்கவிட்டு, ஊசியாலோ மெல்லிய தூரிகையாலோ கிளை கிளையாகப் பிரித்து, உறிஞ்சுதாளுக்கு நடுவில் அழுத்தி உலர்த்த வேண்டும். உறிஞ்சுதாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பல பாசிகளில் கோழைத்தன்மை உண்டு. அது தானே பசையாகி, காயவைத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும். பாடம் செய்து வைக்க அது வசதி. ஒளிப்படத்துக்கு அதே குணம் தடை, ஏனென்றால் பாசி தாளிலிருந்து கிழியாமல் பிரிந்து வரவேண்டும். அதற்காக மெல்லிய துணி இடைவைத்து, முழுக்க மொறுமொறுப்பாவதற்குள் உரித்தெடுப்பார்கள். அப்படி எடுத்த பாசி நொறுங்கும் தன்மை உடையது. அதைத்தான் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு முறை என்று திரும்பத் திரும்பத் தாளில் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டி, எடுத்து, அடுத்த தாளுக்கு மாற்ற வேண்டும்.

கண்ணாடி அழுத்தம் பற்றி அட்கின்ஸே தம் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். மிக நுண்ணிய பாசிகளைத் துல்லியமாக வரைவது கடினம் என்பதால் ஹெர்ஷலின் முறையை நாடியதாகத் தொடங்குகிறார். படங்கள் பொதுவாகத் தெளிவாக இருக்கும் என்று நம்புவதாகவும், ஃபியூகஸ் போன்ற தடித்த வகைகளில் மட்டும் கண்ணாடியைப் போதிய அளவு நெருக்கி அழுத்த முடியாததால் எல்லாப் பகுதியும் சரியாக விழவில்லை என்றும், அவற்றை விட்டுவிட மனமில்லாமல் கிடைத்த வரையில் தந்திருப்பதாகவும் எழுதுகிறார். அவர் சொன்ன சிக்கலை இன்றும் எவரும் செய்து பார்க்கலாம். நடுத்தண்டு தடித்திருந்தால் கண்ணாடி தூக்கிக்கொண்டு நிற்கும். ஓரக் கிளைகள் தாளைத் தொடாமல் மிதக்கும். நேர் வெயிலில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. சூரியத் தட்டின் அகலம் அரை டிகிரிதான், ஒரு மி.மீ. இடைவெளிக்கு நிழலோரம் நூறில் ஒரு பங்கு மி.மீ. அளவுக்கே மங்கும். மேகமூட்டத்தில்தான் ஆபத்து. அப்போது ஒளி வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து கிளைக்கு அடியில் புகுந்துவிடும், ஓரம் கரைந்துபோகும். நேரமும் நீளும் என்பதால் கெடுதல் இரட்டிப்பு. அட்கின்ஸின் மெல்லிய பாசிப் படங்களில் மயிரிழைக் கிளைகள்கூட வெட்டியெடுத்ததுபோல நிற்கின்றன. சமமான அழுத்தமும் நேர் வெயிலுக்குக் காத்திருக்கும் பொறுமையும் இல்லாமல் அந்தக் கூர்மை வராது.

பெயர்ச்சீட்டுகளைக் கட்டுரையாளர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தாளிலும் பாசியின் லத்தீன் பெயர் அட்கின்ஸின் கையெழுத்தில், நீலத்தில் வெள்ளையாக இருக்கிறது. பேனாவால் தாளின்மேல் எழுதியது அல்ல அது. பாசியோடு சேர்த்து ஒளியாலேயே பதிந்தது. ஒளி ஊடுருவும் மெல்லிய தாள் துண்டில் ஒளியை மறைக்கும் மையால் எழுதி, எழுத்து மேல்நோக்கி இருக்கும்படி பூச்சின்மேல் வைத்தால், எழுத்து இடவலம் மாறாமல் விழும். துண்டுத் தாள் தடித்திருந்தால் எழுத்து மங்கும். மை நீர்த்திருந்தால் எழுத்தும் நீலமாகிவிடும். முன்னுரையும் தலைப்புப் பக்கங்களும்கூட இப்படித்தான் பதிவாயின. அச்செழுத்தே இல்லாத நூல் அது. படமும் எழுத்தும் ஒரே பொருளால், ஒரே ஒளியால், ஒரே தண்ணீரால் ஆனவை. பக்கத்தின் அழகு இந்த முடிவிலிருந்தே வருகிறது. பெயர் எங்கே நிற்க வேண்டும், பாசி எந்தப் பக்கம் சாய வேண்டும், எவ்வளவு நீலம் வெறுமையாக விடப்பட வேண்டும் என்று ஒவ்வொரு தாளிலும் ஓர் ஓவியர் தீர்மானித்திருக்கிறார். இவரைக் கலைஞர் என்று சொல்வதா, தாவரவியலாளர் என்று சொல்வதா என்று கட்டுரை தயங்கியதே, அதற்கு விடை இங்கே இருக்கிறது: இரண்டும்தான்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். முழு நூலில் 389 படத் தாள்களும் 14 எழுத்துத் தாள்களும், ஆக 403. லண்டன் ராயல் சொசைட்டியில் உள்ள பிரதி அப்படி முழுமையானது. எல்லாப் பிரதிகளும் முழுமையானவை அல்ல என்றாலும், பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிரதிகள் நமக்குத் தெரிய வந்திருக்கின்றன. பன்னிரண்டு முழுப் பிரதி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 4,836 தாள்கள். கெட்டுப்போய் எறிந்தவை இதில் சேராது. ஒரு பிரதிக்குச் சுமார் 1,200 மி.லி. கரைசல் போதும், இன்றைய அளவுப்படி 150 கிராம் சிட்ரேட், 60 கிராம் ஃபெரிசயனைடு. ஆகவே வேதிப்பொருள் ஒரு பொருட்டே இல்லை, செலவெல்லாம் கையிலும் நேரத்திலும்தான். ஒவ்வொரு தாளுக்கும் பூச்சு, உலர்த்தல், அடுக்குதல், வெயில், அலசல், மறுபடி உலர்த்தல். அலசும் தண்ணீரில் மஞ்சள் முற்றிலும் நிற்கும் வரை அலச வேண்டும். இல்லையென்றால் மிச்ச உப்பு பின்னால் ஒளிபட்டு வெள்ளையை நீலமாக்கும். சுண்ணாம்பு கலந்த கடின நீரில் அதிகநேரம் ஊறினால் நீலமே வெளிறும். போதாமலும் கூடாது, மிஞ்சியும் கூடாது. 1843இலிருந்து 1853 வரை இந்த வேலை நடந்தது. வீட்டுப் பணியாளர்களின் கை உதவி இருந்திருக்கும் என்று ஊகிப்பது இயல்பு. அப்படியே இருந்தாலும் ஒரு பட்டறையை நடத்திய மேற்பார்வைதான் அது.

நூல் ஒரேயடியாக வரவில்லை. வில்லியம் ஹென்றி ஹார்வி 1841இல் வெளியிட்ட பிரிட்டிஷ் கடற்பாசிக் கையேட்டில் படங்கள் இல்லை. அதன் வரிசைக்கும் பெயர்களுக்கும் துணையாகத் தம் படங்களை அமைத்தார் அட்கின்ஸ். ஆனால் எல்லா வகையும் ஒரே நேரத்தில் கைக்கு வரவில்லை. தம்மிடம் இல்லாதவற்றுக்கு நண்பர்களின் சேகரிப்புகளைப் பயன்படுத்தியதாக முன்னுரையிலேயே நன்றி சொல்கிறார். வரிசையில் இடைவெளி விட்டுப் பகுதிகளை அனுப்பி, பிறகு கிடைத்ததை அடுத்த பகுதிகளில் சேர்த்தார். சில தாள்களுக்கு மேலான மாற்றுத் தாள்களையும் அனுப்பினார். வாங்கியவர்கள்தாம் வரிசைப்படுத்தி மூன்று தொகுதிகளாகக் கட்டிக்கொள்ள வேண்டும். சிலர் சொன்னபடி கட்டினார்கள், சிலர் வந்தபடியே கட்டினார்கள், சிலருக்கு எல்லாப் பகுதியும் போய்ச் சேரவில்லை. இதனால்தான் இன்று எந்த இரண்டு பிரதியும் ஒத்திருப்பதில்லை.

1852 ஜனவரியில் தந்தை இறந்தார். சிறுவயது முதல் சகோதரிபோல வளர்ந்த தோழி ஆன் டிக்சன் அந்தக் காலத்தில் துணைக்கு வந்தார். இருவரும் சேர்ந்து பெரணிகளையும் பூச்செடிகளையும், இறகு, லேஸ் துணி போன்றவற்றையும் சயனோடைப்பாக்கி 1850களில் தனித்தொகுப்புகள் செய்தார்கள். தங்கள் இணைப்பில் அட்கின்ஸின் பெயரோடு வந்த பெரணிப் படம் இந்தத் தொகுப்புகளைச் சேர்ந்தது. அப்படியானால் டிக்சனின் பெயரும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். மறக்கப்பட்ட பெண்களை நினைவூட்டும் கட்டுரையில் இன்னொரு பெண்ணின் பெயர் விடுபட்டிருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அட்கின்ஸ் 1871 ஜூன் 9 அன்று ஹால்ஸ்டெட் பிளேஸில் காலமானார். தம் தாவரச் சேகரிப்பை அதற்கு முன்பே பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். நூலின் முன்னுரையில் முழுப்பெயர் இடாமல் ஏ.ஏ. என்று மட்டுமே கையொப்பமிட்டிருந்ததால், அதே நூற்றாண்டின் இறுதியிலேயே அதை யார் செய்தது என்று தெரியாமல் குழம்பினார்கள். 'பெயரறியாத ஆர்வலர்' என்று பொருள்படும் இரு சொற்களின் முதலெழுத்து என்றுகூட எண்ணப்பட்டது.

கட்டுரையின் கீழே பள்ளி மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டலாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. நல்ல யோசனை, ஆனால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விட்டிருக்கக் கூடாது. ஃபெரிசயனைடு சாதாரணக் கையாளலில் சயனைடுபோல் நஞ்சாவதில்லை. வலிய அமிலத்துடன் சேர்த்தாலோ சூடேற்றினாலோ நச்சு வாயு வெளிவரும். எனவே அமிலக் குப்பிகள் உள்ள மேசையில் இதை வைக்கக் கூடாது, அடுப்பில் காட்டக் கூடாது. தூளை எடைபோடுவது ஆசிரியரின் வேலை. பிள்ளைகளிடம் கலந்த கரைசலை மட்டும் கையுறையோடு தரலாம். சமையல் பாத்திரம், குடிநீர்க் குப்பி எதையும் பயன்படுத்தக் கூடாது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் பலகை வைப்பவர்கள், அது புற ஊதா ஒளியைத் தடுக்கும் வகையா என்று பார்க்க வேண்டும். படச்சட்டத்துக்கென்று விற்கும் பலகைகள் பல அப்படிப்பட்டவை. ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தும் தாள் மஞ்சளாகவே இருந்தால் பலகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும். பச்சைப் பாசியை வைத்துத் தொடங்காதீர்கள். நன்றாக உலர்த்திய பெரணி இலை போதும். அலசும் நீர் கடினமானதாக இருந்தால் முதல் நீரில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போடலாம். இந்த மெல்லிய அமிலத்தால் தீங்கில்லை. முடித்த படத்தைச் சோப்பிலோ சலவைத்தூள் நீரிலோ நனைத்தால் நீலம் போய்விடும்.

செய்த படத்தைக் காப்பதிலும் ஒரு விசித்திரம் உண்டு. நெடுநாள் வெளிச்சத்தில் தொங்கினால் சயனோடைப் வெளிறும். இருட்டில் காற்றுப்பட வைத்தால் பெருமளவு மீளும். ஆனாலும் அதை நம்பிக் காட்சிக்கு வைக்க முடியாது என்பதால் அருங்காட்சியகங்கள் மங்கிய ஒளியில், குறுகிய காலமே அட்கின்ஸின் தாள்களைக் காட்டுகின்றன. சேமிக்கும் உறையும் சுண்ணாம்புச் சத்து சேராததாக இருக்க வேண்டும். மற்ற ஒளிப்படங்களுக்கு வாங்கிய உறையில் போட்டுவைத்து நீலத்தை இழந்தவர்கள் உண்டு.

கடைசியாகத் தங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். வெளியான இரண்டு கடற்பாசிப் படங்களிலும் கீழே இருந்த பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்று இடவலம் மாறியும் அச்சாகியிருக்கிறது. அட்கின்ஸ் பாசியையும் பெயரையும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் பதித்தார் என்பதை மேலே சொன்னேன். தாளை ஓரம் தெரிய முழுதாகப் போடுங்கள். இது பாசியை நேரடியாகத் தாளில் வைத்துப் பெற்ற பதிவு என்பதால் உண்மை அளவு எவ்வளவு என்று செ.மீ. கணக்கில் கீழே தருவதும் எளிது, வாசகர் பாசியின் அளவையே அறிந்துகொள்வார். அவர் எழுதிய லத்தீன் பெயரை அப்படியே கொடுத்து, இன்று அந்தப் பாசிக்கு வேறு பெயர் வழங்கினால் அதைப் பக்கத்தில் சேருங்கள். எந்த நூலகத்தின் பிரதி என்றும் குறிப்பிடுங்கள். பிரதிக்குப் பிரதி தாள்கள் வேறுபடும் நூல் என்பதால் அது இல்லாமல் எந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்று ஆய்வாளர் எவராலும் சொல்ல முடியாது. ஹெர்ஷலுக்கு அட்கின்ஸ் அனுப்பிய பிரதி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது; அவர்கள் அதை எண்மமாக்கி இணையத்தில் எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை படம் தேவைப்பட்டால் அங்கிருந்து தாள் எண்ணோடு எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய ஒளிப்பட முறைகளைக் கற்பிக்கும் வாசகர்